இருபத்தெட்டு மாச ராஜாங்கம்

நந்தனம் என்கிற பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? தேவர் சிலை சிக்னலில் தினம் அரை மணி நேரம் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. நந்தவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1952 ஏப்ரல் நடுவில் பிறந்த தமிழ் வருஷத்துக்குப் பெயர் நந்தன. அந்த வருஷத்தில் உருவான குடியிருப்பு என்பதால் ராஜாஜி இந்தப் பெயரைச் சூட்டினார் என்று சொல்வார்கள்.

பெயரை விடுங்கள். அந்த வருஷம் பெயர் சூட்டுகிற நாற்காலியில் ராஜாஜி எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதுதான் கதை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். சென்னை ராஜதானியில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. காங்கிரஸ் அல்லாதவர்கள் எல்லாரும் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி, 'மெஜாரிட்டி எங்களுக்குத்தான், கூப்பிடுங்கள்' என்றார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா கூப்பிடவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, ஏப்ரல் 10ஆம் தேதி முதலமைச்சராக்கிவிட்டார்கள். சித்திரை பிறக்க மூன்று நாள் இருந்தது. ராஜாஜியும் ஒளிவுமறைவு வைத்துக்கொள்ளவில்லை. என் முதல் எதிரி கம்யூனிஸ்டுகள்தான் என்று சட்டசபையிலேயே சொன்னார். கில்லாடி மனுஷர். அடுத்த ஆகஸ்டிலேயே தஞ்சாவூர் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிற அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிரியை அடக்குவது ஒரு பக்கம், அவன் கேட்டதில் கொஞ்சத்தை நாமே கொடுத்துவிடுவது இன்னொரு பக்கம்.

சென்னையில் இப்படிச் சாத்திய கதவு, ஐந்தே வருஷத்தில் பக்கத்து வீட்டில் திறந்துகொண்டது.

1957 ஏப்ரல் 5. திருவனந்தபுரம். குள்ளமான உருவம், கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடி. பேசினால் வார்த்தை திக்கும். வயது 47. பெயர் ஏலங்குளம் மனைக்கல் சங்கரன் நம்பூதிரிபாடு. சுருக்கமாக இ.எம்.எஸ். கேரளா என்ற மாநிலம் பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதன் முதல் தேர்தலில் 126 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 60ஐப் பிடித்திருந்தார்கள். அவர்கள் ஆதரவோடு ஜெயித்த சுயேச்சைகள் 5. கூட்டினால் 65. அதாவது பாதிக்கு மேல் இரண்டே இரண்டு. ஓட்டுக் கணக்கில் பார்த்தால் காங்கிரஸ்தான் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஆனால் நம் தேர்தல் முறையில் சீட்டு எண்ணுவார்களே தவிர ஓட்டு எண்ணிக் கொண்டிருக்க மாட்டார்கள்.

ஓட்டுப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்த உலகின் முதல் கம்யூனிஸ்ட் அரசு என்று இன்றைக்கும் மேடையில் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. இத்தாலிக்கு நடுவில் சான் மரினோ என்று ஒரு கையளவு நாடு. அங்கே 1945லேயே கம்யூனிஸ்டுகள் இருந்த கூட்டணி தேர்தலில் ஜெயித்துவிட்டது. போகட்டும். ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள இடத்தில் இது முதல்முறை என்பதில் சந்தேகமில்லை.

மற்ற இடங்களில் எப்படி வந்தார்கள்? உதாரணத்துக்கு போலந்து. இ.எம்.எஸ். பதவியேற்க ஐந்தரை மாதம் முன்னால்தான் அங்கே விளாதிஸ்லாவ் கோமுல்கா கட்சித் தலைவரானார். அந்த அமைப்பில் கட்சித் தலைவர்தான் ராஜா. பூட்டு, இயந்திரம் ரிப்பேர் செய்கிற தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1951இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களேதான். மூன்று வருஷத்துக்கு மேல் சிறை. 1956 ஜூனில் போஸ்னான் என்ற ஊரில் தொழிலாளிகள் ரொட்டி கேட்டு ஊர்வலம் போனார்கள். தொழிலாளி வர்க்க அரசாங்கம் டாங்கியை அனுப்பியது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிணங்கள் விழுந்தன. நாடு கொதித்தது. வேறு வழியில்லாமல் கோமுல்காவைக் கூப்பிட்டார்கள். அக்டோபரில் அவர் தலைவராவதற்குள் குருஷ்சேவே பதறியடித்துக்கொண்டு வார்சாவுக்கு விமானம் ஏறி வந்துவிட்டார். கோமுல்காவுக்கு மாஸ்கோ தலையாட்ட வேண்டியிருந்தது. இ.எம்.எஸ்ஸுக்கு பாலக்காட்டுக் குடியானவனும் ஆலப்புழை கயிறுத் தொழிலாளியும் ஓட்டுப் போட்டால் போதும்.

ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பரீட்சைதான் வைத்தார்கள். தொழிலாளியின் பெயரால் நாற்காலியில் உட்கார்ந்தவன், அதே தொழிலாளி தெருவில் வந்து கத்தும்போது என்ன செய்வான்? கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இ.எம்.எஸ். ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. நேர் எதிர். பெரிந்தல்மண்ணைக்குப் பக்கத்தில் ஏலங்குளத்தில் பெரிய ஜன்மி குடும்பம். ஜன்மி என்றால் நம்ம ஊர் மிராசுதாருக்கு அண்ணன். நிலம் அவருக்கு ஜன்ம பாத்தியதை. அவருக்குக் கீழே காணக்காரன், அவனுக்கும் கீழே வெறும் பாட்டக்காரன் என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில் இருப்பவன்தான் சேற்றில் இறங்குவான். அவனை எந்த நாள் வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம்.

1909 ஜூன் 13இல் பிறந்தவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். ஸ்கூல் எல்லாம் அப்புறம்தான். முதலில் ரிக் வேதம். அர்த்தம் சொல்லித்தர மாட்டார்கள், வருஷக்கணக்காக மனப்பாடம். பிற்பாடு மார்க்ஸைப் பக்கம் பக்கமாக ஞாபகத்திலிருந்து சொல்வாராம். பயிற்சி வேதத்தில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

திக்குவாயைப் பற்றி ஒரு கதை உண்டு. 'உங்களுக்கு எப்பவுமே திக்குமா?' என்று ஒருவர் கேட்டாராம். 'இல்லை, பேசும்போது மட்டும்தான்' என்றாராம் இ.எம்.எஸ்.

முதல் சண்டை வெள்ளைக்காரனோடு அல்ல, சொந்த ஜாதியோடு. நம்பூதிரி வீட்டில் மூத்த பிள்ளைக்கு மட்டும்தான் ஜாதிக்குள் கல்யாணம். பெண்கள் வெளியே வந்தால் ஓலைக்குடை மறைவில்தான். இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் நடத்திய பத்திரிகையில் எழுதினார். திருச்சூர் செயின்ட் தாமஸ் காலேஜில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவர், 1932இல் பரீட்சையை விட்டுவிட்டு சட்டமறுப்பில் குதித்தார். கண்ணூர் ஜெயில், அப்புறம் நம்ம வேலூர் ஜெயில். வெளியே வந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட். அங்கிருந்து கம்யூனிஸ்ட். தன் பங்குச் சொத்தை விற்றுக் கட்சிக்கும் 'தேசாபிமானி' பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார்.

இதில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மலபார் அன்றைக்குச் சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லா. 1939இல் இ.எம்.எஸ். சென்னை சட்டசபை உறுப்பினர். மலபார் குத்தகை முறையை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அவரும் அதில் இருந்தார். கமிட்டி அங்கே இங்கே ஒட்டுப்போட்டு அறிக்கை கொடுத்தது. இவர் மட்டும் தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார். ஜன்மி முறைக்கே நியாயமில்லை, எடுத்துவிடுங்கள் என்பது சாராம்சம். எழுதியவர் ஒரு ஜன்மி வீட்டுப் பிள்ளை. யாரும் சீந்தவில்லை. பைலுக்குப் போயிற்று.

1957இல் அந்த பைலைப் பிரிக்கிற அதிகாரம் எழுதினவர் கைக்கே வந்தது.

பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11, ஒரு அவசரச் சட்டம் போட்டார். குத்தகைக்காரனையோ குடிசைக்காரனையோ இனி யாரும் வெளியேற்ற முடியாது. கோர்ட்டில் இருக்கிற வழக்குகளும் அப்படியே நிற்கட்டும். அவ்வளவுதான். சின்னச் சட்டம். நிலத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. 'நாளைக்குக் காலையில் இந்த வீட்டில் இருப்போமா?' என்ற பயத்தை மட்டும் எடுத்தார். என் கணக்கில் அந்த இருபத்தெட்டு மாசத்தின் ஆகச் சிறந்த காரியம் இதுதான்.

மந்திரிசபையில் மொத்தம் 11 பேர். சாதாரணப்பட்டவர்கள் இல்லை. நிதி அச்சுத மேனன். கல்வி ஜோசப் முண்டசேரி, பெரிய இலக்கிய விமர்சகர். வருவாய் கே.ஆர்.கௌரி, வக்கீல், ஈழவ சமூகத்துப் பெண்மணி. சட்டமும் போலீஸும் வி.ஆர்.கிருஷ்ணய்யர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்த பாலக்காட்டுக்காரர், சுயேச்சை. இந்தக் கிருஷ்ணய்யரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

கௌரி கொண்டுவந்த நிலச் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 15 ஏக்கர் இருபோக நஞ்சைதான் உச்சவரம்பு. அதற்கு மேல் இருப்பது போய்விடும். உழுகிறவன் நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். 1957 டிசம்பரில் மசோதா சபைக்கு வந்தது. நிறைவேறியது 1959 ஜூன் 10. ஒன்றரை வருஷம்! நான் பி.காம். படித்தவன். வரி வரப்போகிறது என்று ஒன்றரை வருஷம் முன்னாடியே சொன்னால் முதலாளிகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாமன், மச்சான், வேலைக்காரன் பெயரில் பத்திரப் பதிவு ஜரூராக நடந்தது.

அடுத்தது பள்ளிக்கூட மசோதா. கேரளாவில் பள்ளிகளில் பாதிக்கு மேல் தனியார் கையில், முக்கியமாக சர்ச்சிடமும் நாயர் சர்வீஸ் சொசைட்டியிடமும் இருந்தன. வாத்தியார் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு தொகையை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். முண்டசேரி சொன்னார்: சம்பளம் கஜானாவிலிருந்து நேரே வாத்தியாருக்கு வரும். ஆளை எடுப்பது பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பட்டியலிலிருந்து. நிர்வாகம் சரியில்லாத பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளும். முதல் வாசகம் நியாயம். இரண்டாவதும் மூன்றாவதும் சர்ச்சின் மடியிலேயே கை வைக்கிற வேலை. ஜனாதிபதி மசோதாவை சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். 1958 மே மாதம் கோர்ட் சில பிரிவுகள் சிறுபான்மையினர் உரிமைக்கு ஒத்துவராது என்றது. இன்றைக்கும் சிறுபான்மைக் கல்வி நிறுவன வழக்கு எதுவானாலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது அந்தக் கருத்துரையைத்தான்.

சிவப்பு ராஜ்யத்தில் ஒரு பச்சை நோட்டுக் கதையும் உண்டு. தொழிற்சாலை வேண்டுமே, பணம் போட ஆள் எங்கே? பிர்லாவையே கூப்பிட்டார்கள். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் மாவூரில் ரேயான் கூழ் ஆலை. மூங்கில் அரசாங்கக் காட்டிலிருந்து. விலை? டன் ஒரு ரூபாய்! கம்யூனிஸ்ட் அரசும் பிர்லாவும் 1958இல் போட்ட ஒப்பந்தம் இது. வேலை வேண்டும் என்கிற அவசரத்தில் எந்த கவர்மென்ட்டும் செய்கிற காரியத்தை இவர்களும் செய்தார்கள். அடிமாட்டு விலை என்பது மட்டும் நிஜம்.

அரிசியிலும் சிக்கினார்கள். 1957இல் பஞ்ச நிலைமை. அவசரமாக 5,000 டன் ஆந்திரா அரிசியை டெண்டர் விடாமல் ஒரு சென்னை வியாபாரி மூலம் வாங்கினார்கள். எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. நீதிபதி ராமன் நாயர் கமிஷன் விசாரித்து, தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்றது. மலையாளத்தில் ஊழலுக்கு என்ன வார்த்தை தெரியுமா? கும்பகோணம்! இதையும் 'அரிசி கும்பகோணம்' என்றுதான் எழுதினார்கள். பாவம், காவிரிக் கரைக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இதெல்லாம் நிர்வாகத்தில் வருகிற சில்லறைச் சிக்கல்கள். நிஜமான பரீட்சை வேறு இடத்தில் வந்தது.

இ.எம்.எஸ். ஆரம்பத்திலேயே ஒரு கொள்கை அறிவித்திருந்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு என்றால் போலீஸ் முதலாளியின் அடியாளாகப் போகாது. அன்றைய இந்தியாவில் இப்படி ஒரு முதலமைச்சர் சொன்னதே பெரிய விஷயம். எஸ்டேட் துரைகளுக்கு வயிற்றைக் கலக்கியது. தொழிலாளிகளுக்குத் தலைகால் புரியவில்லை.

தேவிகுளம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறு மலை. தேயிலை பறிக்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1957இல் அங்கே ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். சட்டசபையில் மெஜாரிட்டியே இரண்டில் தொங்குகிறது, இந்த ஒரு சீட் போனால் ஆட்சிக்கே ஆட்டம். தேர்தல் வேலையைப் பார்க்க ஆலப்புழையிலிருந்து ஒரு இளைஞரைக் கட்சி அனுப்பியது. பெயர் வி.எஸ்.அச்சுதானந்தன். தமிழ்த் தொழிலாளிகளிடம் மலையாளத்தில் எப்படிப் பேசுவது? பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பாட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். பாவலர் வரதராஜன். ஆமாம், இளையராஜாவின் அண்ணன். ஆர்மோனியத்தோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாதி பாவலரின் குரலுக்குச் சேர வேண்டும் என்று பழைய தோழர்கள் இப்போதும் சொல்வார்கள்.

இது மே மாதம்.

ஜூலையில் கொல்லத்துக்குப் பக்கத்தில் சந்தனத்தோப்பு. முந்திரித் தொழிற்சாலைத் தொழிலாளிகள் போராட்டம். போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். அக்டோபரில் அதே மூணாறு. தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். நடத்தியது சிவப்புக் கொடி சங்கமே. அங்கேயும் போலீஸ் சுட்டது. அங்கேயும் இரண்டு பேர். ஐந்து மாதம் முன்னால் பாட்டுக் கேட்டு ஓட்டுப் போட்டு அரசாங்கத்தைக் காப்பாற்றிய மலை அது.

போலீஸ் தற்காப்புக்குச் சுட்டது என்று அரசாங்கம் சொன்னது. எல்லா அரசாங்கமும் சொல்வது. இந்த அரசாங்கம் சொல்லும்போதுதான் காதில் விநோதமாக விழுகிறது. போஸ்னான் டாங்கிகளோடு இதை ஒப்பிடுவது அநியாயம் என்பேன். இங்கே பத்திரிகை இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது, சட்டசபையில் கேள்வி கேட்டார்கள். ஆனால் குண்டு பட்டவன் வீட்டில் இந்த வித்தியாசத்தையெல்லாம் விளக்க முடியாது.

1959 ஜூனில் எல்லாம் சேர்ந்து வெடித்தது. பள்ளிக்கூடம் போய்விடும் என்று சர்ச். நிலம் போய்விடும் என்று நாயர் தரவாடுகள். அவர்களுக்குத் தலைவர் மன்னத்து பத்மநாபன். கூடவே முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட், காங்கிரஸ், அதன் மாணவர்கள். சாதாரணமாக ஒரே பந்தியில் உட்காராதவர்கள் எல்லாரும் ஒரே ஊர்வலத்தில் வந்தார்கள். 'விமோசன சமரம்' என்று பெயர் வைத்தார்கள், விடுதலைப் போர். பணக்காரர்களின் சதி என்று கட்சி சொன்னது. பாதி நிஜம். மீதிப் பாதி கட்சிக்குக் கசக்கும். கட்சிக்காரன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நாட்டாமை செய்வது, 'செல் ஆட்சி' என்று ஜனங்கள் முனகியது, அதெல்லாம் சர்ச் இட்டுக்கட்டியது மட்டுமல்ல.

ஜூன் 13. அங்கமாலி. துப்பாக்கிச் சூட்டில் 7 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்து திருவனந்தபுரம் கடலோரக் குப்பங்களில். ஜூலை 3, செறியதுறையில் ப்ளோரி என்ற மீனவப் பெண் குண்டு பட்டு இறந்தார். நிறைமாதக் கர்ப்பிணி. அதற்கப்புறம் கேரளாவில் எந்த விவாதமும் காதில் ஏறவில்லை. போராட்டத்தில் இறந்தவர்கள் மொத்தம் 15 பேர்.

நடுவில் நேரு திருவனந்தபுரம் வந்தார். எல்லாரையும் பார்த்தார். மறுபடி தேர்தலுக்குப் போங்களேன் என்று யோசனை சொன்னார். கட்சி சம்மதிக்கவில்லை. இங்கேதான் எனக்கு இ.எம்.எஸ்ஸோடு சண்டை. ஓட்டில் வந்தவர் ஓட்டுக்குப் பயப்படலாமா? 'மெஜாரிட்டி இருக்கிறது, ஐந்து வருஷ உரிமை இருக்கிறது, தெருவில் கூட்டம் சேர்ந்தால் ராஜினாமா செய்வதா?' என்பது அவர் வாதம். சட்டப்படி நூற்றுக்கு நூறு. சாமர்த்தியப்படி பூஜ்யம். தானாகவே ஜனங்களிடம் போயிருந்தால் டெல்லிக்கு வேலையே இருந்திருக்காது.

டெல்லியில் வேறு காற்று அடித்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் காங்கிரஸ் தலைவரானவர் இந்திரா காந்தி. கலைத்தே ஆக வேண்டும் என்று அப்பாவை நெருக்கினார். வீட்டுக்காரர் பெரோஸ் காந்திக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடுமையாக எதிர்த்தார். நடக்கவில்லை. ஜூலை 31, ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் 356இல் கையெழுத்துப் போட்டார். சட்டசபையில் ஒரு ஓட்டுக்கூடத் தோற்காத ஆட்சி வீட்டுக்குப் போனது.

பின்னால் ஒரு குட்டு உடைந்தது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்திய அரசியலில் அமெரிக்கா இரண்டு முறை பணம் இறக்கியது, கேரளாவில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று, இரண்டும் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து காங்கிரஸுக்கு, ஒரு தடவை கட்சித் தலைவராக இருந்த இந்திராவிடமே தரப்பட்டது என்றார். இந்திரா மறுத்தார். அந்நியச் சதி என்று வாழ்நாள் பூராவும் பேசியவர் பெயரில் இப்படி ஒரு வவுச்சர்!

1960 பிப்ரவரியில் தேர்தல். கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 29 சீட். படுதோல்வி என்று தலைப்புச் செய்தி. ஆனால் ஓட்டைப் பாருங்கள். 1957இல் 35 சதவீதம். 1960இல் 39. அதாவது துப்பாக்கிச் சூடு, அரிசி கும்பகோணம், பள்ளிக்கூடச் சண்டை எல்லாம் நடந்து முடிந்த பிறகு அவர்களுக்கு ஓட்டு கூடியிருக்கிறது. எதிரே எல்லாரும் ஒன்று சேர்ந்ததால் சீட்டு குறைந்தது. இந்த 39இல் எத்தனை ஆட்சிக்காக, எத்தனை கலைத்த கோபத்துக்காக? பிரித்துச் சொல்ல ஒரு ஆடிட்டராலும் முடியாது. ஐந்து வருஷம் விட்டிருந்தால் ஜனங்களே கணக்கு முடித்திருப்பார்கள். பாஸா பெயிலா என்று விடைத்தாளைத் திருத்துவதற்குள் டெல்லி பிடுங்கிக் கிழித்துவிட்டது. அதனால்தான் அங்கமாலியில் செத்தவர்களுக்கும் மூணாறில் செத்தவர்களுக்கும் இ.எம்.எஸ். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், அவரே பாதிக்கப்பட்டவராகிவிட்டார்.

அந்த 356 அப்புறம் நம்ம ஊர்ப் பக்கமும் வந்தது. 1976இல் கலைஞர், 1980இல் எம்.ஜி.ஆர்., 1991இல் மறுபடி கலைஞர். 1994இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் மூக்கணாங்கயிறு போடுகிற வரைக்கும் நினைத்தபோதெல்லாம் எடுத்து வீசினார்கள்.

கிருஷ்ணய்யர் என்ன ஆனார்? 1975 ஜூன். அலகாபாத் கோர்ட் இந்திராவின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகு, சுப்ரீம் கோர்ட்டில் விடுமுறைக்கால நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். யாருடைய நெருக்குதலால் 1959இல் மந்திரி பதவி போனதோ, அதே இந்திராவின் மனு அவர் மேஜைக்கு வந்தது. பழிவாங்கவில்லை. பிரதமராக நீடிக்கலாம், எம்.பி.யாக ஓட்டுப் போடக்கூடாது என்று நிபந்தனையோடு தடை கொடுத்தார். மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி.

இ.எம்.எஸ். 1967 மார்ச் 6ஆம் தேதி மறுபடி முதலமைச்சரானார். அதே நாளில்தான் இங்கே அண்ணா பதவியேற்றார். கட்சி 1964இலேயே இரண்டாக உடைந்திருந்தது. இவர் மார்க்சிஸ்ட் பக்கம். ஏழு கட்சிக் கூட்டணி, ஏழு திசையில் இழுத்து 1969 அக்டோபரில் கவிழ்ந்தது. இந்தக் காலத்தில் ஒரு வேடிக்கை. நீதிபதிகள் வர்க்கச் சார்போடு நடக்கிறார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் பேசியதற்குக் கோர்ட் அவமதிப்பு வழக்கு. ஹைகோர்ட் போட்ட அபராதம் 1,000 ரூபாய். 1970இல் சுப்ரீம் கோர்ட் அதை 50 ரூபாயாகக் குறைத்தது. கூடவே, இவர் மார்க்ஸையும் எங்கெல்ஸையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். 950 ரூபாய் மிச்சமானாலும் மனுஷருக்கு வலித்திருக்கும்.

போகிற போக்கில் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். கௌரியின் நிலச் சட்டம் கோர்ட்டில் அடிபட்டு, மற்றவர்கள் கையில் தேய்ந்து, அரையாளாகக் கிடந்தது. 1969இல் அதற்குப் பெரிய திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அமலானது 1970 ஜனவரி 1. அப்போது முதலமைச்சர், எதிர்க்கட்சியாகிவிட்ட பழைய நிதி மந்திரி அச்சுத மேனன். அன்றோடு கேரளாவில் ஜன்மி என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் இடமில்லை. குத்தகைக்காரன் நிலத்துக்குச் சொந்தக்காரன். குடிசைக்காரனுக்கு அவன் இருந்த இடம்.

அதே 1970 டிசம்பரில் கோமுல்காவின் கதை முடிந்தது. அவரும் குடியானவர்களுக்கு ஒரு நல்லது செய்தவர்தான். வந்த புதிதில் கட்டாயக் கூட்டுப் பண்ணையை விட்டு விலகலாம் என்றார். சில மாதங்களில் பெரும்பாலான பண்ணைகள் கலைந்து, நிலம் பழைய சொந்தக்காரர்களிடமே போனது. சோவியத் முகாமில் வயல் பெரும்பாலும் தனியார் கையில் இருந்த நாடு போலந்து. ஆனால் வருஷம் போகப் போக மனுஷர் இறுகிப்போனார். கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் இறைச்சி முதலான சாப்பாட்டுச் சாமான் விலையை ஏற்றினார். க்டான்ஸ்க் துறைமுகத்துக் கப்பல் கட்டுகிற தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டிசம்பர் 20, தோழர்களே அவரை இறக்கிவிட்டார்கள். எந்தச் சூட்டை எதிர்த்து எழுந்த கொதிப்பில் வந்தாரோ, அதே மாதிரிச் சூட்டில் போனார். அங்கே பெட்டியில் போட ஓட்டு இல்லை, அதனால் பதினாலு வருஷம். இங்கே இருபத்தெட்டு மாதம்.

இ.எம்.எஸ். 1978 முதல் 1992 வரை கட்சியின் பொதுச்செயலாளர். கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார். 1998 மார்ச் 19 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். டெல்லியில் வாஜ்பாய் பிரதமராகப் பதவியேற்ற அதே நாள்.

மூணாறு? நிலச் சட்டத்தில் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. அந்நியக் கம்பெனி எஸ்டேட்டுகளை அரசே எடுக்கும் என்று 1957 தேர்தலில் கட்சி சொல்லியிருந்தது, டெல்லி ஒத்துக்கொள்ளவில்லை. உச்சவரம்பும் தேயிலைக்குக் கிடையாது. பாலக்காட்டுக் குத்தகைக்காரன் சொந்தக்காரனான அதே சட்டத்தில், மலை மேல் இருந்த தமிழ்த் தொழிலாளி லயத்து வீட்டிலேயே இருந்தான். வேலை இருக்கிற வரைக்கும் வீடு.

2015 செப்டம்பரில் அந்த லயங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததுதான் ஆரம்பம். 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயர். கம்பெனியை எதிர்த்து மட்டுமல்ல, சிவப்பு, மூவர்ணம் என்று எல்லாக் கொடிச் சங்கத்தையும் எதிர்த்து. சமாதானம் பேச வந்த தலைவர்களைத் துரத்திவிட்டார்கள். ஒருவரை மட்டும் நடுவில் உட்கார விட்டார்கள். 1958இல் அந்த மலைக்குத் தேர்தல் வேலை பார்க்க வந்த வி.எஸ்.அச்சுதானந்தன். அப்போது அவருக்கு வயது 91.

போனஸ் கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர். ஏறக்குறைய எல்லாரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக் குடும்பங்கள்.